கல்லுக்குள்ளே பார்க்கும் வழிகள்

(திருகோணமலைக்குச் சுற்றுலா சென்ற எமது தோட்டக் குடும்பங்கள் இரண்டாம் நாள் இரவு தங்கியிருந்த மண்டபத்தில், சாப்பாட்டுக்குப் பின் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு. பயணத்துக்கு வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகின்றது.)



எல்லோருக்கும் களைப்பு என்று தெரியும். காலையில் கோணேசர் கோயில் ஏற்றம், மத்தியானம் கன்னியாவில் வாளி வாளியாக அள்ளி ஊற்றியது, பின்னேரம் கடல். சின்னப் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள். சுருக்கமாகப் பேசுவோம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இன்று பகல் முழுதும் நம்மவர்கள் மூன்று கேள்வி கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லாமல் படுத்தால் நமக்குத் தூக்கம் வராது.

முதல் கேள்வி, சுவாமிமலை உச்சியில் இராவணன் வெட்டு என்னும் பிளவை எட்டிப் பார்த்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "இந்த வெடிப்பு உள்ளுக்கு எவ்வளவு தூரம் போகுது சேர்?" இரண்டாவது கன்னியாவில் ஒரு தாய் கேட்டது: "அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல, தண்ணி மட்டும் எப்படிங்க சுடுது?" மூன்றாவது எல்லோரும் கேட்டது. கன்னியாவுக்குப் போகும் வழியில் வெறுங்காணி ஒன்றில் நான்கு இளைஞர்கள் தரையில் கம்பி அடித்து, வயர் இழுத்து, பற்றரியும் ஒரு பெட்டியும் வைத்துக்கொண்டு நின்றார்கள். பஸ்ஸை நிறுத்தி விசாரித்தோம். பாடசாலைக்குக் குழாய்க் கிணறு தோண்ட இடம் பார்க்கிறோம் என்றார்கள். "கம்பி அடிச்சா தண்ணி எப்படித் தெரியும்?" என்று பஸ்ஸுக்குள்ளே ஒரே சத்தம்.

மூன்று கேள்விக்கும் அடி ஒன்றுதான். பாறையில் உள்ள வெடிப்பு. அது எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், உள்ளே தண்ணீர் உண்டா என்று தோண்டாமலே எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான் இன்றிரவு பேசப் போகிறோம். நாம் படித்தது சாதாரண தரம் வரையில். இதில் நாம் சொல்வது, நம் தோட்டத்துக்கு வந்துபோன உத்தியோகத்தர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும் தெரிந்துகொண்டவைதான்.

முதலில் அந்தப் பிளவு. தாயாருக்காகக் கோணேசர் மலையையே பெயர்த்துக் கொண்டுபோக இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது நம் பெரியோர் சொன்ன கதை. அதை மறுக்க நாம் இங்கே நிற்கவில்லை. கல்லைப் படிக்கிறவர்கள் சொல்லும் கதை வேறு. இந்தப் பாறை ஒரு காலத்தில் பூமிக்குள்ளே பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து கிடந்தது. அப்படி வெந்தது 50 கோடி ஆண்டுக்கும் முன்னால். மேலே இருந்த சுமை மழையிலும் காற்றிலும் கரைந்து போகப்போக அது மெல்ல மேலே வந்தது. சுமை இறங்கிய முதுகு நிமிர்கிறதில்லையா, அதுபோல விரிந்தது. கல் வளையாது, வெடிக்கும். வெடித்த கோட்டில் மழைத் தண்ணீர் இறங்கும், வேர் இறங்கும், கீழே அலை அடிக்கும். ஆண்டுகள் போகக் கோடு பிளவாகும். கடலுக்கு நேர் மேலே முந்நூறு அடிக்கும் அதிகமான செங்குத்தில் நின்று நாம் இன்று பார்த்தது அதைத்தான்.

நம்மவர்களுக்கு ஒரு செய்தி. இலங்கையின் நடுமலையில் உள்ள பாறைப் பட்டையை உயர்நிலத் தொகுதி என்கிறார்கள். அது தென்மேற்கில் தொடங்கி, நமது மலைநாட்டை மூடிக்கொண்டு, வடகிழக்கே இந்தத் திருகோணமலை வரைக்கும் வருகின்றது. ஆகவே மகியங்கனை, பொலன்னறுவை, கந்தளாய் என்று ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் வந்தாலும், கல்லைப் பொறுத்தவரை நாம் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை.

தண்ணீரும் அப்படியே. மலைநாட்டின் பெரும்பகுதி ஓடைகள் மகாவலியில் சேருகின்றன. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி, இங்கே கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகின்றது. நம் பீலியில் வழிந்தது, நேற்றுக் கழுவிய சட்டியின் தண்ணீர் உட்பட, இங்கேதான் வந்து சேரும். அவ்வளவு மண்ணைக் கொண்டுவந்து ஓர் ஆறு கொட்டினால் குடா தூர்ந்து போகவேண்டும் அல்லவா? தூரவில்லை. குடாவின் வாசலிலே கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, ஆழ்கடல் வரைக்கும் இறங்கிப் போகின்றது. மண் அதன் வழியாகக் கீழே போகின்றது. பாறையின் வெடிப்புக் கோடுகளைப் பிடித்துக்கொண்டே இப்பள்ளம் போகின்றது என்பது புவியியலாளர் பலரின் கருத்து. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்தனை பேர் இந்தத் துறைமுகத்துக்காக அடிபட்டார்களே, அவர்கள் விரும்பிய ஆழத்துக்குப் பின்னாலும் உடைந்த கல்லின் கதைதான்.

கடலடியை எப்படிப் பார்த்தார்கள்? முன்னாளில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி முழம் எண்ணினார்கள். இப்போது கப்பலின் அடியிலிருந்து சத்தம் அனுப்புகிறார்கள். தண்ணீருக்குள் சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். தரையில் பட்டுத் திரும்பி வர நான்கு வினாடி என்றால், போக இரண்டு வர இரண்டு, ஆழம் 3000 மீட்டர். கணக்கு அவ்வளவுதான். இன்றைய கருவிகள் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்களாகச் சத்தத்தை விரித்து அனுப்பி, கடல் தரையைப் படம்போல வரைந்து தருகின்றன.

கண்ணால் பார்த்தவர்களும் உண்டு. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலைக்குக் கீழே மூழ்கிப் பார்த்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும், மலையிலிருந்து தானாக உடைந்து விழுந்த பாறைகளோடு கலந்து கிடந்தன. நீருக்கடியில் எடுத்த படங்களோடு அடுத்த ஆண்டு கிளார்க் நூலும் வெளியிட்டார். மனிதன் வெட்டிய கல் எது, மலை தானே உடைத்த கல் எது என்று மூழ்கத் தெரியாதவனும் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றால் அது படத்தின் பலன்.

அதே 1956இல் மேலே வானத்திலும் ஒரு வேலை நடந்தது. கனடா நாட்டின் உதவியோடு இலங்கையை விமானத்திலிருந்து படம் பிடித்தார்கள். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது நம் தோட்டத்தோடு சம்பந்தப்பட்டது.

விமானம் நேர்க்கோட்டில் பறந்துகொண்டே கீழே நோக்கி ஒன்றன்பின் ஒன்றாகப் படம் எடுக்கும். ஒரு படத்தில் உள்ள இடத்தில் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வருமாறு எடுப்பார்கள். ஏன் இந்த வீண்செலவு? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். கஷ்டம். இரண்டு கண்ணும் இரண்டு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் நமக்குக் கிட்ட எது, எட்ட எது என்று தெரிகின்றது. அதேபோல இரண்டு இடத்திலிருந்து எடுத்த இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து, இரட்டைக் கண்ணாடி பொருத்திய சின்னக் கருவி வழியாகப் பார்த்தால், தட்டையான கடதாசியிலிருந்து மலை எழும்பி நிற்கும்! நாம் முதன்முதலாக அதில் பார்த்தபோது கையை நீட்டி மலையைத் தொடப் போனோம். பக்கத்திலிருந்த உத்தியோகத்தர் சிரித்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம்.

அப்படிப் பார்க்கையில் தரையில் நின்றால் தெரியாத ஒன்று தெரியும். அதுதான் நேர்க்கோடு. ஆறு வளைந்து வளைந்து வந்து, திடீரென்று கோல் வைத்துக் கீறியதுபோல நேராக ஓடும். ஒரு மலையின் இடைவெளியும், அதற்கு அப்பால் உள்ள பள்ளமும், அதற்கும் அப்பால் பச்சை மரங்களின் வரிசையும் ஒரே கோட்டில் நிற்கும். கோடைக் காலத்தில் சுற்றிலும் புல் காய்ந்திருக்க ஒரு வரிசை மரம் மட்டும் பசுமையாக இருந்தால், அதன் அடியில் வெடிப்பும் தண்ணீரும் இருக்கக்கூடும். பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பி. டபிள்யூ. விதானகே போன்றவர்கள் இலங்கைப் பாறைகளின் இக்கோடுகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இப்போது செய்மதிப் படமும், டிரோன் என்னும் சின்னப் பறக்கும் கருவியும் வந்துவிட்டன. செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்காமலே அதன் முகத்தை நூறு படம் எடுத்து, கணினியில் ஒட்டி, ஒவ்வொரு வெடிப்பும் எந்தத் திசையில், எத்தனை பாகை சரிவில் போகின்றது என்று அளக்கிறார்கள். சரிவு மலைக்கு உள்பக்கமாக இருந்தால் பயம் குறைவு. வெளிப்பக்கமாக, அதாவது ரோட்டுப் பக்கமாகவோ லயத்துப் பக்கமாகவோ சாய்ந்திருந்தால், கல் ஒரு நாள் வழுக்கி வரும்.

ஒரு எச்சரிக்கை. படத்தில் தெரியும் கோடெல்லாம் வெடிப்பல்ல. பழைய குதிரைப் பாதை, வேலி, தண்ணீர்க் குழாய் போட்ட தடம் எல்லாம் கோடாகத்தான் தெரியும். படத்தைப் பார்த்தவர் காலால் நடந்து பார்க்காவிட்டால் அந்தப் படத்தால் பிரயோசனம் இல்லை.

இனிக் கன்னியா. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். இலங்கையில் எரிமலை கிடையாது. பின் சூடு எங்கிருந்து? பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும், கிலோமீட்டருக்குச் சுமார் 25 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ மேட்டில் பெய்த மழை வெடிப்பு வழியாகக் கீழே கீழே இறங்குகின்றது. சூடாகின்றது. பிறகு இன்னொரு நல்ல வெடிப்புக் கிடைத்ததும், ஆறுவதற்கு நேரம் கொடாமல் வேகமாக மேலே வருகின்றது. சாதாரணக் கிணற்றுத் தண்ணீரைவிடப் பத்துப் பதினைந்து பாகை அதிகம் என்றால், அந்தத் தண்ணீர் அரைக் கிலோமீட்டருக்கு மேலாவது ஆழம் போய் வந்திருக்கவேண்டும். வரும் வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த தண்ணீர் கூடக் குறையக் கலந்தால் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். இதே மாவட்டத்தில் கோமரங்கடவலைப் பக்கம் ரங்கிரிய ஊற்று, தெற்கே மகாஓயா, இன்னும் தெற்கே அம்பாந்தோட்டையில் மகாபெலஸ்ஸ என்று வெந்நீரூற்றுகள் தீவின் கிழக்குப் பாதியில் வரிசையாக இருக்கின்றன. நமது உயர்நிலத் தொகுதிப் பாறையும், கிழக்கிலுள்ள விஜயன் தொகுதிப் பாறையும் ஒன்றோடொன்று முட்டும் எல்லையை ஒட்டியே இவற்றில் பல உள்ளன. பெரிய தையல் போட்ட இடத்தில்தானே துணி பிரியும்.

இப்போது அந்தக் கம்பி அடித்த பிள்ளைகளிடம் வருவோம்.

கருங்கல் மின்சாரத்தை லேசில் கடத்தாது. தண்ணீர் கடத்தும், அதிலும் உப்புக் கரைந்த தண்ணீர் நன்றாகக் கடத்தும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று பிள்ளைகளை ஏசுகிறோமே, அதே காரணம். நான்கு கம்பியை ஒரே வரிசையில் அடிக்கிறார்கள். வெளியே உள்ள இரண்டு கம்பி வழியாக மின்சாரத்தைத் தரைக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே உள்ள இரண்டு கம்பிக்கு இடையில் எவ்வளவு அழுத்தம் என்று பெட்டியில் பார்க்கிறார்கள். தரை எவ்வளவு தடுக்கின்றது என்று கணக்கு வரும். பின் வெளிக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடிப்பார்கள். கம்பி எட்ட எட்டப் போக, மின்சாரம் ஆழ ஆழப் போய்த் திரும்பும். அதனால்தான் வயரை அவ்வளவு தூரம் இழுத்தார்கள். வெடிப்பில்லாத கல் என்றால் தடை ஆயிரக்கணக்கில் காட்டும். உடைந்து தண்ணீர் நின்றால் சில நூறுக்கு இறங்கும். நூறு வருடத்துக்கு முன்பே, 1912இல், பிரான்ஸ் நாட்டில் கொன்ராட் ஸ்லம்பர்ஜே என்பவர் செய்துபார்த்துத் தொடங்கிய வேலை இது.

இதிலும் ஏமாற்று உண்டு. ஈரக் களிமண்ணும் தடையைக் குறைத்துக் காட்டும், ஆனால் களிமண் தண்ணீரைக் கிணற்றுக்கு விடாது. திருகோணமலை போன்ற கரையோரத்தில் கடல் உப்பு உள்ளே வந்திருந்தால் பெட்டி சந்தோஷமாக "தண்ணீர்" என்று காட்டும். தோண்டினால் வாயில் வைக்க முடியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறியபோது மூதூர், கிண்ணியாப் பக்கத்தில் எத்தனை நல்ல கிணறுகள் உப்பாகிப் போயின என்பதை இங்குள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். எனவே பெட்டி சொன்னதை வைத்து மட்டும் தோண்டுவதில்லை. வான்படத்தில் கோடு இருக்கிறதா, பக்கத்துக் கிணறு எப்படி என்றெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் பார்க்கிறவர்களை நாம் குறைசொல்லவில்லை. ஆனால் துளைக்கும் செலவு நம் தலையில் என்றால், நாம் பெட்டியைத்தான் கூப்பிடுவோம்.

இரண்டாவது முறை தட்டிப் பார்ப்பது. பானை வாங்கப்போனால் என்ன செய்கிறீர்கள்? விரலால் சுண்டிப் பார்க்கிறீர்கள். நல்ல பானை கணீர் என்னும், கீறல் விழுந்தது மங்கும். அதேபோல இரும்புத் தட்டைத் தரையில் வைத்துப் பெரிய சம்மட்டியால் அடிக்கிறார்கள். தூரத்தில் வரிசையாகப் புதைத்த காதுகள் — காது என்றால் அதிர்வைப் பிடிக்கும் சின்னக் கருவிகள் — அந்த அடி எத்தனை வினாடியில் வந்து சேர்ந்தது என்று எழுதிக்கொள்ளும். தளர்ந்த மண்ணில் அதிர்வு வினாடிக்கு சில நூறு மீட்டர்தான் போகும். உடையாத கருங்கல்லில் ஐயாயிரம் மீட்டருக்கும் மேல் ஓடும். உடைந்த கல்லில் இரண்டுக்கும் நடுவில். மண் எத்தனை அடி, அதன் கீழே கல் நல்ல கல்லா, நொறுங்கிய கல்லா என்பது இதில் தெரியும்.

மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். தண்ணீருக்கடியில் போகும் நீர்மூழ்கிக் கப்பலோடு பேசக் கடற்படைகள் மிகத் தாழ்ந்த அலைவரிசையில் வானொலி நிலையங்கள் வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணம் என்னும் ஊரில் இந்தியக் கடற்படையின் நிலையம் ஒன்று இருக்கின்றது. அதற்குக் கட்டபொம்மன் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட நிலையங்களின் அலை நாள் முழுக்க நம் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும். தரைக்குள் நீண்ட ஈர வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் அலை கொஞ்சம் கோணும். கையில் ஒரு சின்னக் கருவியோடு நடந்துபோய் அந்தக் கோணலைக் குறித்துக்கொண்டால் வெடிப்பின் வழி தெரிந்துவிடும். கட்டபொம்மன் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்!

ராடார் வண்டியைத் தரையில் இழுப்பதும், துளைத்த குழிக்குள்ளே கமராவை இறக்கிச் சுவரைச் சுற்றிப் படம் எடுப்பதும் உண்டு. வைத்தியசாலையில் வயிற்றுக்குள் குழாய்க் கமரா விடுகிறார்களே, அதே மாதிரி. எக்ஸ்ரே, ஸ்கான் எல்லாம் மனிதருக்கு மட்டுமில்லை.

இவ்வளவு வழி இருந்தும் பிழை நடக்கத்தான் செய்கின்றது. சமனலவாவியில் அணை கட்டி நீர் நிரப்பும் கட்டத்தில், 1992 ஒக்டோபரில், அணையின் வலக்கரை மலை வழியாகத் தண்ணீர் பீறிட்டது. அணை உடையவில்லை, மலைக்குள் இருந்த வெடிப்புகளும் பொந்துகளும் வழிவிட்டன. பிறகு படகுகளில் கொண்டுபோய்க் களிமண்ணை நீருக்குள் கொட்டிப் பார்த்தார்கள். கசிவு முற்றாக நிற்கவில்லை. நமது ஊவாவில் நடந்ததை உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. உமாஓயாச் சுரங்கம் குடைந்தபோது 2014 டிசம்பரில் தண்ணீர் நிறைந்த உடைந்த பாறைக்குள் போய் முட்டியது. சுரங்கத்துக்குள் தண்ணீர் கொட்டியது, மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்புக் கண்டது. அந்தத் திட்டம் 2024இல் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. கிணறு வற்றிய வீட்டுக்காரரிடம் கேட்டால் பாறையின் வெடிப்பு எவ்வளவு தூரம் போகும் என்று அவரே சொல்வார்.

இனி நமது விஷயம். இதைச் சொல்லத்தான் இத்தனையும் சொன்னோம்.

நாங்கள் முன்பு வேலைபார்த்த தோட்டத்தில் நடந்தது. பெயர் வேண்டாம். ஒரு ஒக்டோபர் மாதம் மேட்டு லயத்திலிருந்து ஒரு பாட்டி ஒப்பீசுக்கு வந்தார். "ஐயா, பசுமாட்ட மேல கட்டியிருந்தேன். அது கால் தரைக்குள்ள போயிருச்சுங்க. தரை வாய் பொளந்து கெடக்குது" என்றார். போய்ப் பார்த்தோம். லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், ஒரு சாண் அகலத்தில், முப்பது அடி நீளத்துக்கு, பிறைபோல வளைந்து ஒரு வெடிப்பு. வெயிலுக்கு வெடித்தது என்று நினைத்தோம். இரண்டு ஆளைப் போட்டு மண்ணை நிரப்பி மிதிக்கச் சொன்னோம். பதிவேட்டில் "சரி செய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து, விடாமல் பெய்த மழையில், இரவு இரண்டு மணிக்கு மலை இறங்கியது. மூன்று காம்பராவின் குசினியும் மலசலகூடமும் மண்ணுக்குள். உயிர்ச்சேதம் இல்லை. அதற்குக் காரணம் நாமில்லை. அன்று பின்னேரமே பாட்டி, பீலித் தண்ணீர் கலங்கலாக வருவதைக் கண்டு, பக்கத்துக் காம்பராக்காரர்களையும் எழுப்பிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போக மறுத்த ஒருவரை ஏசியே கூட்டிப் போனாராம்.

அதன்பிறகுதான் அதிகாரிகள் வந்தார்கள். பழைய வான்படத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். நாம் தினமும் நடந்த அந்த மலையில், பல ஆண்டுக்கு முன்பே ஒரு முறை மண் சரிந்த தழும்பு, தேயிலைக்கு அடியில், கிண்ணம் கவிழ்த்த மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. கம்பி அடித்து மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். கல்லுக்கு மேலே, இருபது அடி ஆழத்தில், தண்ணீர் தேங்கிய ஒரு படை. அதற்குத் தண்ணீர் எங்கிருந்து? மேலே தூர்ந்துபோன கான். கான் நிரம்பி, ஓட வழியில்லாமல் வெடிப்புக்குள் இறங்கியிருக்கின்றது. வெடிப்பில் மண் நிரப்பியது பிழையில்லை என்று அவர்களே சொன்னார்கள். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கத்தான் வேண்டுமாம். அடைத்துவிட்டு ஒருவருக்கும் அறிவிக்காமல் இருந்ததுதான் பிழை. பதினொரு குடும்பம் இரண்டு வருடம் தகரக் கொட்டிலில் இருந்தது. வீடு தர ஏன் அவ்வளவு காலம் என்பதற்கு இதுவரை நமக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை.

கொஸ்லந்தை மீரியாபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல வருடம் முன்பே எச்சரித்திருந்தது. கருவியும் படமும் சொல்லிவிட்டன, லயம் இருந்த இடத்திலேயே இருந்தது. போக இடம் காட்டாமல் எழும்பு என்றால் எங்கே எழும்புவது என்று நம் சனங்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கின்றது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாடு முழுவதும் மண் சரிந்தது, அதே மழை மகாவலியோடு வந்து மூதூர், வெருகல் பக்கத்தை வெள்ளக்காடாக்கியது. கண்டி, பதுளை, நுவரெலியா என்று எத்தனை ஊர், எத்தனை உயிர்.

அந்த நிறுவனம் மழையை அளந்துதான் எச்சரிக்கை கொடுக்கின்றது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150 தாண்டினால் வெளியேறவேண்டும். நமது ஸ்டோர் வாசலில் மழைமானி இருக்கின்றது. அந்தக் கணக்கு இதுவரை கொழுந்துக்காகத்தான் எழுதப்பட்டது. அடுத்த மழைக்காலத்திலிருந்து அதைப் பிரட்டுக்களத்துப் பலகையிலும் எழுதச் சொல்லித் துரையிடம் கேட்டிருக்கிறோம். சரி என்றிருக்கிறார்.

நம் கையாலும் ஒரு வேலை செய்யலாம். இன்று நாள் முழுக்க எல்லோரும் போனில் படம் எடுத்துத் தள்ளினீர்கள். அதே போன்தான். தரையிலோ, லயத்துச் சுவரிலோ, பாறையிலோ புது வெடிப்புக் கண்டால், இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு முளை அடியுங்கள். பிள்ளைகளின் அடிமட்டத்தை வெடிப்புக்குக் குறுக்கே வைத்துப் படம் எடுங்கள். அடுத்த கிழமை அதே இடத்தில் நின்று, அதே பக்கமிருந்து, அடிமட்டத்தை அதேபோல வைத்து இன்னொரு படம். தேதியை எழுதி வையுங்கள். இரண்டு படத்திலும் அளவு ஒன்றென்றால் கொஞ்சம் பொறுக்கலாம். கூடியிருந்தால் அன்றைக்கே நமக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அடியுங்கள். மழை நேரத்தில் படம் எடுக்கப் போய் வெடிப்புக்குக் கீழே நிற்கவேண்டாம். பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், திடீரென்று நின்றாலும், இல்லாத இடத்தில் ஊற்று வந்தாலும், மரம் சாய்ந்தாலும், கதவு சட்டத்தில் இறுகினாலும், கருவி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாட்டி காத்திருக்கவில்லை.

"சரி செய்யப்பட்டது" என்று எழுதிய பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். இப்போது ஒரு தனிக் கொப்பி வைத்திருக்கிறோம். வெடிப்புச் சொல்ல வந்தவரின் பெயர், சொன்ன தேதி, நாம் யாருக்கு அறிவித்தோம், அவர் என்ன பதில் சொன்னார் என்று நான்கு கோடு. சொன்னவரே அதில் கையெழுத்து வைக்கலாம், கேட்டால் காட்டுவோம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கேள்வியை மறக்கவில்லை. இராவணன் வெட்டு கண்ணுக்குத் தெரிவதோடு முடியவில்லை மகள். அதே மாதிரிக் கோடுகள் கடலுக்குள்ளும் போகின்றன, கன்னியாவில் சுடுதண்ணீரைக் கொண்டுவருகின்றன, நம் பீலிக்கும் தண்ணீர் தருகின்றன. நீ பெரிய வகுப்புக்கு வந்து இதையே படிப்பதாக இருந்தால், அந்தக் கம்பி அடித்த நால்வரில் ஒரு பெண்பிள்ளையும் இருந்ததைப் பார்த்தாய்தானே?

நாளைக் காலை ஐந்து மணிக்குப் பஸ். ஈரத் துணியைத் தனிப் பையில் போடுங்கள். மாத்திரை குடிக்கிற பெரியவர்கள் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். கந்தளாயில்தான் அடுத்து நிற்கும்.